புத்தகத்தைப் பிடுங்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. பெர்சி ஜாக்சன் என்ற இங்கிலீஷ் மாயாஜாலக் கதை என்றால் உயிர். ஆசைப்படுகிறானே என்று போன மாதம் அந்தப் படத்தை வீட்டில் போட்டோம். பாதியிலேயே "இது பெர்சியே இல்ல" என்று கத்தி அழுதுவிட்டு ரூமுக்குள் போய்விட்டான். "ஒரு சினிமாவுக்கா இந்தக் கூத்து?" என்று அவன் அப்பா கை ஓங்கிவிட்டார். அன்றிலிருந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. ஏற்கெனவே டிஸ்லெக்ஸியா, எழுத்தெல்லாம் குழம்பும் என்று ஸ்பெஷல் டீச்சரிடம் போகிறான், மார்க்கும் குறைவு. இந்தக் கற்பனைக் கதைகளை எடுத்து வைத்துவிட்டால் சரியாகிவிடுவானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பிள்ளையின் அழுகை, அப்பாவின் கோபம், சாப்பாட்டு நேரத்து மௌனம் எல்லாம் எனக்கு வாராவாரம் வரும் கடிதங்களில் இருப்பவைதான். அதை விடுங்கள். மார்க் குறைவுக்குக் காரணம் சொல்வதுபோல, எழுத்து குழம்பும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன்.

எழுத்து குழம்புகிற பிள்ளை, 300 பக்கத்துக்கு மேல் உள்ள இங்கிலீஷ் நாவலை யாரும் அதட்டாமல் தானாக உட்கார்ந்து படித்திருக்கிறான். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து, விட்ட இடத்துக்குத் திரும்பி வந்து, என்ன பாடு பட்டிருப்பான்! பூரித்துப்போக வேண்டிய நீங்கள், பிடுங்கி வைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

முதல் அத்தியாயத்தையாவது திறந்து பார்த்தீர்களா? பெர்சிக்கும் 12 வயதுதான். அவனுக்கும் டிஸ்லெக்ஸியா. ஆறு வருஷத்தில் ஆறு பள்ளிக்கூடம் பார்த்தவன். அப்புறம்தான் தெரிகிறது, அவன் ஒரு கிரேக்கக் கடவுளின் மகன், பண்டைய கிரேக்க மொழிக்கென்றே அமைந்த மூளை, அதனால்தான் இங்கிலீஷ் எழுத்து அவன் கண்ணில் நிற்கவில்லை என்று. எழுதிய ரிக் ரியோர்டன் பள்ளி ஆசிரியராக இருந்தவர். டிஸ்லெக்ஸியாவும், ஓரிடத்தில் கவனம் நிற்காத ஏடிஎச்டியும் உள்ள தன் மகனுக்கு ராத்திரி படுக்கும்போது சொன்ன கதையைத்தான் 2005-ல் புத்தகமாக்கினார். கவனியுங்கள், ஒரு அப்பா தன் பிள்ளைக்காகவே உட்கார்ந்து சொன்ன கதை.

2010-ல் வந்த படத்தில் என்ன செய்தார்கள்? 12 வயதுப் பையனை மீசை அரும்பும் இளைஞனாக்கிவிட்டார்கள். வயது கூடினால் டீன் ஏஜ் கூட்டமும் டிக்கெட் வாங்கும் என்பது சினிமாவின் வழக்கமான கணக்கு. வேண்டாம் என்று ரியோர்டன் முன்கூட்டியே தயாரிப்பாளர்களுக்கு எழுதினார், கேட்கவில்லை. இத்தனைக்கும் இயக்குநர் கிரிஸ் கொலம்பஸ்தான் முதல் இரண்டு ஹாரி பாட்டர் படங்களையும் எடுத்தவர். அங்கே 11 வயதுப் பாத்திரத்துக்குச் சின்னப் பையனையே போட்டு, 2001 முதல் 2011 வரை எட்டுப் படங்களில் பிள்ளைகளைக் கதையோடு வளரவிட்டார்கள். பெர்சிக்கு அந்தப் பொறுமை கிடைக்கவில்லை. ஐந்து புத்தகம் உள்ள கதை 2013-ல் இரண்டாவது படத்தோடு நின்றுபோயிற்று.

இப்போது உங்கள் மகன் கத்தியதை யோசித்துப் பாருங்கள். தன் வயதும் தன் குறையும் உள்ள ஒருவன் வீரனாக இருந்தான். திரையில் வேறு யாரோ வந்து நின்றான். அதற்கு அழுத பிள்ளையைத்தான் உங்கள் வீட்டுக்காரர் அடிக்கப் போயிருக்கிறார். அவர் மகனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்பா பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்பதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்களுக்கும் சொல்கிறேன். ஸ்பெஷல் டீச்சருக்கு ஃபீஸ் கட்டியதோடு பெற்றவர் கடமை முடிந்துவிடாது. பிள்ளை எதைப் படித்து ராத்திரி தூங்காமல் கிடக்கிறான் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கதையில் வரும் அம்மா சாலி, எத்தனை பள்ளிக்கூடம் துரத்தினாலும் மகனை விட்டுக்கொடுப்பதில்லை. அவளைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் அவன் உங்கள் முகத்தைப் பார்க்கிறான்.

இன்று ராத்திரியே அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். "முதல்லேருந்து கதையைச் சொல்லு" என்று கேளுங்கள். இங்கிலீஷ் வராது என்று தட்டிக்கழிக்க வேண்டாம், அவன் தமிழில் சொல்வான். தினம் ஒரு அத்தியாயம் போதும். நடுவில் மார்க் பேச்சை எடுக்காதீர்கள். 2023 டிசம்பரில் இதே கதை தொடராக வந்திருக்கிறது, ரியோர்டனும் தயாரிப்பில் இருந்தார், சின்னப் பையனே நடித்திருக்கிறான். சமாதானம் செய்கிறேன் என்று அதை ஓடிப்போய்ப் போட்டுவிடாதீர்கள். அவனாகக் கேட்கும் அன்றைக்குப் போடுங்கள், அவன் அப்பாவும் செல்போனை அடுத்த ரூமில் வைத்துவிட்டு வந்து உட்காரட்டும்.