அமெரிக்கத் தென் மாநிலங்களில் ‘பிஸ்கட்’ ஏன் பஞ்சு மாதிரி இருக்கிறது?

டென்னசி, ஜார்ஜியா பக்கத்து வீடுகளில் காலையில் சுடச்சுடச் சுட்டெடுக்கும் சின்ன ரொட்டிக்குத்தான் அங்கே பிஸ்கட் என்று பெயர். ஈஸ்ட் கிடையாது. மைதா, வெண்ணெய் அல்லது பன்றிக் கொழுப்பு, மோர், சோடா உப்பு, அவ்வளவுதான்.

மென்மைக்கு முதல் காரணம் மாவு. அங்கே காலங்காலமாக விளைவது மென்கோதுமை. அதில் புரதம் குறைவு, அதனால் மாவில் இழுவை வராது. நாம் பரோட்டாவுக்கு மைதாவை அடித்துப் பிசைந்து இழுவை வரவழைக்கிறோம் அல்லவா? இங்கே நேர்மாறு: கை படாத மாதிரி பிசைய வேண்டும். அதிகம் பிசைந்தால் கல்தான்!

அப்புறம், மோரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் வாயு கிளம்பும்; புளித்த மாவில் ஆப்ப சோடா போட்டதும் நுரைப்பதைப் போல. குளிர்ந்த வெண்ணெய்த் துணுக்குகள் அடுப்புச் சூட்டில் உருகி, அவற்றிலுள்ள நீர் ஆவியாகி, ஏடு ஏடாகப் பிரிக்கும். மேலே இறைச்சித்தூள் போட்ட வெள்ளைக் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவார்கள். (பார்க்கச் சுமார்தான், ருசி வேறு.)

பெயரைப் பார்த்து டீயில் தோய்க்கும் பிஸ்கட் என்று நினைக்க வேண்டாம். இனிப்பான அந்த வகைக்கு அங்கே குக்கி என்று பெயர்.