அப்பாவுக்கு ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்

உங்கள் 74 வயது அப்பா, பழைய நண்பர்களின் ஞாயிற்றுக்கிழமை ஜூம் சந்திப்பிலிருந்து பத்தே நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறார், ஆர்வம் விட்டுப்போச்சோ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ காதின் மேல்தான் சந்தேகம்.

வயதானால் முதலில் குறைவது உயர் சுருதி ஒலிகள். ச, த, ப எல்லாம் மங்கிவிடும். குரல் கேட்கும், சொல் பிடிபடாது. 'கேட்குதாப்பா' என்றால் 'கேட்குது' என்றுதான் சொல்வார். என் அம்மாவும் அப்படித்தான். எல்லாரும் சிரித்து ஒரு நொடி கழித்துச் சிரிப்பார். அதைக் கவனித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சத்தத்தைக் கூட்டுவது மட்டும் போதாது. காதை முழுதாக மூடும் ஹெட்போன் மாட்டிவிட்டோம், பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அப்புறம், பேசுபவர் முகம் மட்டும் பெரிதாகத் தெரியும் ஸ்பீக்கர் வியூவுக்கு மாற்றுங்கள். உதட்டசைவு ரொம்ப உதவும். செல்போனைவிட லேப்டாப் நல்லது. பேசாதவர்கள் மியூட்டில் இருக்கட்டும். காது மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இலவசக் கணக்கு என்றால் 40 நிமிடத்தில் அழைப்பு முடிந்துவிடும். முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் தான்தான் ஏதோ பட்டனைத் தட்டிவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

ஒன்றே ஒன்று: அவர் பேசும்போது பின்னால் நின்று 'இதை அமுக்குங்க, அதை அமுக்குங்க' என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன். அம்மா அடுத்த இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை.