கறுப்புச் சேவலுக்கும் கறுப்புப் பெட்டைக்கும் வெள்ளைக் குஞ்சு எப்படிப் பிறக்கும்?

கேள்வி: மன்னார்குடி பக்கம் சிறுவிடை நாட்டுக்கோழி வளர்க்கிறேன். சேவலும் பெட்டைகளும் முழுக் கறுப்பு. ஆனால் இரண்டு குஞ்சு மூன்று மாதமாகியும் வெள்ளையாகவே இருக்கின்றன. வேறு சேவல் மிதித்ததா? கறுப்பை எப்படி நிலைக்க வைப்பது?

பதில்: இறகை விரித்துப் பாருங்கள். வெள்ளையில் இரண்டு வகை உண்டு. லெகார்ன் என்ற முட்டைக்கோழி இனத்தின் வெள்ளை ஓங்கு பண்பு. ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே கறுப்பை அமுக்கிவிடும். ஆனால் கலப்புக் குஞ்சில் அங்கங்கே கறுப்புத் துளி தெறித்திருக்கும். துளி இருந்தால் பக்கத்து வீட்டுச் சேவல்மேல் சந்தேகப்படலாம். பெட்டையின் உடம்பில் விந்து இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூடத் தங்கும். அதனால் உங்கள் சேவலோடு மட்டும் அடைத்து மூன்று வாரம் கழித்து இடும் முட்டையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

துளியே இல்லாத சுத்த வெள்ளை என்றால் பெரும்பாலும் ஒடுங்கு பண்பு. தாய், தகப்பன் இரண்டும் அதை ஒளித்து வைத்திருந்தால் நாலில் ஒன்று வெள்ளையாகும். உங்கள் சேவல்தான் தகப்பன் என்றால் அதைச் சோதிக்கவே வேண்டாம், அதனிடம் இருக்கிறது. கூடப் பிறந்த கறுப்புகளில் மூன்றுக்கு இரண்டு அதைச் சுமக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த வெள்ளைக் குஞ்சைச் சந்தைக்கு அனுப்பிவிடாதீர்கள், உங்களுக்கு உரைகல் அதுதான். பெட்டையாக இருந்தால் முட்டைக்கு வந்ததும் கறுப்பு இளஞ்சேவல் ஒன்றோடு தனியாக அடையுங்கள். ஒரு வெள்ளைக் குஞ்சு வந்தாலும் அந்தச் சேவல் கழிவு. ஏழு குஞ்சும் கறுப்பாக வந்தால் பெரும்பாலும் நம்பலாம்; வெள்ளையைச் சுமக்கும் சேவலுக்கு ஏழும் கறுப்பாகவே வரும் வாய்ப்பு 128-இல் ஒன்றுதான். ஒரே அடையில் ஏழு தேறாவிட்டால் அடுத்த அடையையும் சேர்த்து எண்ணலாம்.

இனி அடை வைப்பது. ஒரு அடைக்கோழிக்கு ஒரே பெட்டையின் முட்டை, அதுவும் கடைசி ஏழெட்டு நாளில் இட்டது மட்டும். சித்திரை வெயிலில் வெளியே கிடக்கும் முட்டையில் கரு அரைகுறையாக வளர்ந்து செத்துவிடும். ஈர மணலில் பதித்த மண்சட்டியில், கூர்முனை கீழாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி போடுங்கள். அடைக்கூடையில் மற்றப் பெட்டைகளும் வந்து இடும். குறியில்லாததை அன்றன்று எடுக்காவிட்டால் சோதனையே வீண்.

டெல்டாவில் பலர் கோட்டைவிடுவது வைக்கோலில். ஐப்பசி மழையில் நனைந்த வைக்கோலை மேலே காய்ந்ததும் கூடையில் போடுகிறார்கள். உள்ளே பூசணம் இருக்கும். அது நுரையீரலில் இறங்கி, பொரித்த குஞ்சு வாயைப் பிளந்து மூச்சு வாங்கிச் சாகும். வெள்ளைக்கழிச்சல் என்று நினைத்து மருந்து ஊற்றிப் பயனில்லை. அடியில் காய்ந்த ஆற்று மணல் நாலு விரல், மேலே வாசமில்லாத புது வைக்கோல் கொஞ்சம் போதும்.

இரண்டு நாள் கூமுட்டையில் உட்கார வைத்து, எழாமல் இருந்தால் இரவில் நல்ல முட்டையை மாற்றுங்கள். ஏழாம் இரவு செல்போன் டார்ச்சில் பிடித்தால் சிலந்திக் கால் மாதிரி ரத்த நாளம் தெரிய வேண்டும். வெறுமையாகத் தெரிவதை எடுத்துவிடலாம். பாதியில் கோழி கூடையை விட்டு எழுந்தால் முதலில் செல்லு (பேன் போன்ற பூச்சி) இருக்கிறதா என்று பாருங்கள். 18-ஆம் நாளுக்குப் பிறகு முட்டையில் கை வைக்க வேண்டாம்.