பீடிங் மெஷினுக்கு மோட்டார்: எச்.பி.யைக் கேட்டு வாங்காதீர்கள்

கேள்வி: தகட்டை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு மேடான வரி போடும், கையால் சுற்றும் பீடிங் மெஷின் வைத்திருக்கிறேன். ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் ஷீட்டைப் பிடித்தால் வரி கோணலாகிறது. மோட்டார் போடலாம் என்றால், ஒரு கடையில் அரை எச்.பி. போதும் என்கிறார்கள், இன்னொரு கடையில் ஒரு எச்.பி. இல்லாமல் ஆகாது என்கிறார்கள். எதை வாங்குவது?

இரண்டும் வேண்டாம். கடைக்குப் போகும்முன் இரண்டு எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: உருளை அச்சு நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்ற வேண்டும், அதைத் திருப்ப எவ்வளவு முறுக்குவிசை வேண்டும். எச்.பி. என்பது இந்த இரண்டையும் பெருக்கி வருவதுதான்.

முறுக்குவிசையை வீட்டிலேயே அளக்கலாம். நீங்கள் போடுவதிலேயே தடிமனான ஷீட்டை உருளைகளுக்கு நடுவே வைத்து, வழக்கமான ஆழத்துக்கு இறுக்குங்கள். பயணப் பெட்டியை எடை பார்க்கும் கொக்கித் தராசைக் கைப்பிடியில் மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். ஷீட் நகரும்போது தராசு 15 கிலோ காட்டுகிறது, அச்சின் மையத்திலிருந்து கொக்கி வரை 25 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 15 × 9.81 × 0.25 = சுமார் 37 நியூட்டன் மீட்டர் (9.81 என்பது கிலோவை நியூட்டனாக மாற்றும் எண்). வளைவில் திரும்பும்போதும், ஏற்கெனவே போட்ட வரியைக் கடக்கும்போதும் சுமை ஏறும். அதனால் இரட்டிப்பாக 75 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் 12 சுற்று போதும். 60 மி.மீ. விட்டமுள்ள உருளை ஒரு சுற்றில் 188 மி.மீ. ஷீட்டை இழுக்கும், 12 சுற்றில் நொடிக்கு 38 மி.மீ. நேர்க்கோட்டுக்கு இது சரி. வளைவில் இதில் பாதி வேகம்தான் கைக்கு அடங்கும். ஆகவே வேகத்தைக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும்.

முறுக்குவிசையைச் சுற்றால் பெருக்கி 9.55-ஆல் வகுத்தால் வாட் வரும்: 75 × 12 ÷ 9.55 = 94 வாட். எச்.பி.யில் எட்டில் ஒரு பங்கு! மோட்டாரின் வேகத்தைக் குறைத்துத் தரும் வார்ம் கியர்பாக்ஸ் அதன் வலுவில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தின்றுவிடும் என்பதால் 180 வாட், அதாவது கால் எச்.பி. மோட்டார் வாங்குங்கள். 1440 சுற்று மோட்டார், 60-க்கு 1 கியர்பாக்ஸ், அதன் பிறகு 12 பல்லிலிருந்து 24 பல்லுக்கு ஒரு செயின். கியர்பாக்ஸில் 24 சுற்று, உருளையில் 12. முறுக்குவிசையும் ஏறக்குறைய 80 நியூட்டன் மீட்டர் வந்துவிடும்.

ஒரு எச்.பி. போட்டால் என்ன கெடும்? ஷீட் சிக்கினால் மோட்டார் நிற்காது. மேல் கீழ் அச்சுகளை இணைக்கும் பல்சக்கரத்தின் பல் முதலில் போகும். அது தப்பினால் அச்சு வளையும்.

விளம்பரத்தில் “150 கிலோ செ.மீ.” என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 10.2-ஆல் வகுத்தால் அது 15 நியூட்டன் மீட்டர்கூட இல்லை. அதுவும் அச்சு நின்றுபோகும் நிலையின் அளவா, தொடர்ந்து ஓடும்போது தருவதா என்று கேளுங்கள். மோட்டார் தகட்டில் எஸ்1 என்றிருந்தால் இடைவிடாமல் ஓட்டலாம். எஸ்2 என்றால் பக்கத்தில் எழுதியிருக்கும் நிமிடங்கள் மட்டும்தான்.

கேள்வி: பழைய கார் வைப்பர் மோட்டார் ஒன்று இருக்கிறது. அதையே போட்டுவிடலாமா?

மெல்லிய அலுமினியத்துக்கு, விட்டு விட்டு ஓட்டினால் சமாளிக்கும். இரும்பு ஷீட்டுக்கு வேண்டாம். 12 வோல்ட்டில் அது தரும் வேலை சில பத்து வாட்தான். வேகத்தைக் குறைத்துச் சுமை ஏற்றினால் கரண்ட் 20 ஆம்பியரைத் தாண்டி ஏறும், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரமும் சூடாகும். கை டிரில்லை மாட்டுவதும் இதே கதைதான்: மெதுவாகச் சுற்றும்போது அதன் விசிறி காற்றே தள்ளாது.

கேள்வி: வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான் இருக்கிறது. ஃபேன் ரெகுலேட்டர் போட்டு வேகத்தைக் குறைக்கலாமா?

கூடாது. கெபாசிட்டர் போட்ட சிங்கிள் ஃபேஸ் மோட்டாரை ரெகுலேட்டரால் இறக்கினால் வேகம் குறைவதற்கு முன்பே வலு போய்விடும். மெதுவாக ஓடினால் சில மோட்டார்களில் உள்ளே இருக்கும் மையவிலக்கு சுவிட்ச் மறுபடி மூடிக்கொண்டு, ஸ்டார்ட்டிங் காயில் எரியும். தையல் மெஷின் பெடலும் இதற்குப் பொருந்தாது. அது கார்பன் பிரஷ் உள்ள மோட்டாருக்கானது.

சரியான வழி, த்ரீ ஃபேஸ் மோட்டாரும் சிங்கிள் ஃபேஸில் ஓடும் விஎஃப்டி டிரைவும் (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி). டிரைவ் வாங்கும்போது உள்ளே வருவது 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ், வெளியே போவது 230 வோல்ட் த்ரீ ஃபேஸ் என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். மோட்டார் தகட்டில் 230/400 என்று இருக்க வேண்டும். டெர்மினல் பெட்டியில் பித்தளைப் பட்டைகள் பெரும்பாலும் ஸ்டாரில்தான் வரும் (ஸ்டார், டெல்டா இரண்டும் மோட்டாரின் மூன்று காயில்களை இணைக்கும் முறைகள்). அவற்றை டெல்டாவுக்கு மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் மோட்டார் ஓடத்தான் செய்யும், ஆனால் ஷீட்டைக் கண்டதும் நின்றுவிடும். டிரைவ் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இந்தப் பெட்டி.

டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவே எந்த சுவிட்சும் வேண்டாம். ஓடும்போது அதைத் திறந்தால் டிரைவ் போய்விடும். ஃபுட் சுவிட்சை டிரைவின் கண்ட்ரோல் டெர்மினலில் கொடுங்கள். காலை எடுத்ததும் நிற்கும் வகையாக இருக்கட்டும். ஒருமுறை மிதித்தால் ஓடிக்கொண்டே இருப்பது வேண்டாம். மேலே மூடி உள்ள பெடல் என்றால் ஷீட் விழுந்து தானாக அமுங்காது. முன்னும் பின்னும் ஓட ஒரு சுவிட்ச், மெஷின் தலைக்குப் பக்கத்திலேயே அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் சிவப்பு எமர்ஜென்சி ஸ்டாப், டிரைவுக்கும் மோட்டாருக்கும் மெஷினுக்கும் எர்த். டிரைவில் கரண்ட் வரம்பை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள், நிற்கும் நேரத்தை அரை நொடிக்கும் கீழே இறக்குங்கள். 15 ஹெர்ட்ஸுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் சொந்த விசிறி போதாது. கையால் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் ஆற விடுங்கள்.

மின் இணைப்பைப் பழக்கமுள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுவதே சரி.

கேள்வி: எல்லாம் வாங்கிவிட்டேன். மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடுங்கள். அது மோட்டாரோடு சேர்ந்து சுற்றினால் முழங்கையை உடைக்கும்.

ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) கிரப் ஸ்க்ரூவை, அதாவது அச்சின் மேல் இறுக்கும் தலையில்லாத சின்னத் திருகை, மட்டும் நம்பி மாட்டாதீர்கள். 75 நியூட்டன் மீட்டரில் அது அச்சைச் சுரண்டிக்கொண்டு வழுக்கும். அச்சில் கீ வே என்னும் பள்ளம் வெட்டி, அதில் சாவி என்னும் இரும்புக் கட்டையைப் போட வேண்டும். பைக்கில் வரும் 428 செயின் அரை இஞ்ச் பிட்ச். இந்தச் சுமைக்குத் தாராளம். சின்ன ஸ்ப்ராக்கெட்டை கியர்பாக்ஸை ஒட்டியே வையுங்கள். வெளியே தள்ளி வைத்தால் பேரிங் சீக்கிரம் ஆடத் தொடங்கும். செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் தகட்டு மூடி அவசியம்.

கையுறை மட்டும் கூடாது. உருளை துணியின் நுனியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். வெட்டு விளிம்பை முன்பே ராவி மழுக்கிவிட்டால் வெறும் கையால் பிடிக்கலாம்.

கேள்வி: மோட்டார் போட்ட பிறகு வரியின் ஆழம் ஒரே சீராக வரவில்லை. மோட்டார் கோளாறா?

மோட்டார் அல்ல, மெஷினின் சட்டம் (ஃபிரேம்). ஷீட் நுழையும் 45 செ.மீ. ஆழமுள்ள வாய் சுமையில் திறக்கும். கையால் சுற்றியபோது கனத்தை உணர்ந்து நீங்களே தளர்த்திக் கொடுத்திருப்பீர்கள். மோட்டாருக்கு அந்த உணர்வு கிடையாது. சட்டத்தின் மேல் கைக்கும் கீழ்க் கைக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஷீட் இல்லாமலும் ஷீட் போட்டு இறுக்கியும் வெர்னியரால் அளந்து பாருங்கள். வித்தியாசம் ஒரு மி.மீ.க்கு மேல் இருந்தால் முதுகில் 50 × 25 மி.மீ. பெட்டிக் குழாயை போல்ட் போட்டுப் பிணையுங்கள். நீளமாக வெல்டு வைத்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஆழத்தையும் ஒரே ஓட்டத்தில் போடாமல் இரண்டு, மூன்று ஓட்டமாகப் பிரியுங்கள். 1.2 மி.மீ. வரை என்று குறித்து விற்ற மெஷின் மோட்டார் போட்ட பிறகும் 1.2 மி.மீ. மெஷின்தான்.

கேள்வி: வாரண்டி போய்விடுமா?

பெரும்பாலும் போய்விடும், அட்டையில் “மாற்றம் செய்தால்” என்ற வரியைத் தேடுங்கள். அதே நிறுவனம் மோட்டார் கிட் விற்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அதை மாட்டினால் வாரண்டி தொடருமா என்பதை எழுத்தில் வாங்கிவிட்டு, உதிரிப் பல்சக்கரம் தனியாகக் கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள். கிடைக்காது என்றால் மெஷினைத் துளைக்காமல் மோட்டாரைத் தனி ஸ்டாண்டில் வைப்பது நல்லது. வாரண்டி முடியும்வரை கைப்பிடியை மறுபடி மாட்டிக்கொள்ள வழி இருக்கும்.