ரோலர் கோஸ்டரில் ராஃப்ட் குறுக்கே திரும்பினால்

ராஃப்ட் (காற்றடைத்த ரப்பர் படகு) ஓட்டும் வழிகாட்டியான நீங்கள், ரிஷிகேஷ் அருகே கங்கையில் ரோலர் கோஸ்டர் என்று அழைக்கப்படும் அலை நிறைந்த வேக நீரோட்டத்தில் உள்ளே போனதும் ராஃப்ட் குறுக்கே திரும்புகிறது என்கிறீர்கள். துடுப்புப் போடச் சொல்லும் கட்டளையை முதல் அலைக்கு முன்பே கொடுங்கள், அலைகள் முடியும்வரை நிறுத்தாதீர்கள். பெரும்பாலும், முகத்தில் தண்ணீர் அடித்ததும் பயணிகள் துடுப்பை விட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். வேகம் போனால் உங்கள் துடுப்பு மட்டும் என்ன செய்யும்?

சிவபுரியில் கிளம்பியதும் அமைதியான நீரில் ஒரு சோதனை: எல்லோரையும் முன்னோக்கித் துடுப்புப் போடச் சொல்லிவிட்டு உங்கள் துடுப்பை வெளியே எடுங்கள். ராஃப்ட் இடப்பக்கம் வளைந்தால் வலப்பக்கம் பலம் அதிகம். ஆட்களை மாற்றி உட்கார வையுங்கள்.

அப்படியும் குறுக்கே போய்விட்டால், எதிரே நிற்கும் அலையை ஒட்டிய ராஃப்டின் விளிம்புக்கு எல்லோரையும் உடனே பாயச் சொல்லுங்கள். பயந்து அலைக்கு எதிர்ப்பக்க விளிம்புக்கு ஒதுங்கினால்தான் கவிழும். இதைக் கரையிலேயே பழக்கிவிடுங்கள், அப்புறம் சொல்ல நேரம் இருக்காது.