நோயாளியின் பெயரைப் போடாமல் அவருடைய எக்ஸ்ரேயை மருத்துவர் இன்ஸ்டாகிராமில் பகிரலாமா?

பெயரை மறைத்தால் மட்டும் போதாது. இங்கே அடிப்படை நோயாளி ரகசியம். அதாவது, சிகிச்சைக்காகச் சொன்னதும் காட்டியதும் சிகிச்சைக்கு மட்டுமே.

வெளியே போய்விடுமோ என்ற பயம் வந்தால் நோயாளி பாதியை மறைப்பார். பாதி மட்டுமே தெரிந்த மருத்துவர் தவறான மருந்து எழுதக்கூடும். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுக்கிறோம். செடிக்குத் தண்ணீர் ஊற்றத்தான் கொடுத்தோம். அலமாரியைத் திறந்து படம் எடுத்து நாலு பேருக்குக் காட்ட அல்ல.

இந்தியாவில் 2002-ஆம் ஆண்டு மருத்துவ நடத்தை விதிகள், அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அனுமதியின்றி இதழ்களில் வெளியிடக் கூடாது என்கின்றன. சமூக ஊடகத்துக்கென வழிகாட்டுதல் கொண்ட புதிய விதிகளைத் தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்டு, அதே மாதம் நிறுத்திவைத்தது. ஆனால் தொழிலில் அறிந்த ரகசியத்தைக் காக்கும் கடமை பழைய விதியிலேயே இருக்கிறது.

சரி, அடையாளம் எப்படி வெளியாகிறது? எக்ஸ்ரேயின் மூலையில் பொடி எழுத்தில் பெயரும் வயதும் தேதியும் இருக்கும். அதை அழித்தாலும், "நேற்று ராத்திரி பைக்கில் விழுந்த காலேஜ் பையன்" என்று ஒரு வரி எழுதினால் சின்ன ஊரில் விடிவதற்குள் டீக்கடை வரைக்கும் தெரிந்துவிடும். அந்தப் பையனின் அம்மா அதைப் பார்க்கும் நிலை வரவே கூடாது.

மருத்துவர்கள் சமூக ஊடகத்துக்கே வரக் கூடாது என்று சிலர் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அப்படியில்லை, டெங்குவில் எந்த அறிகுறி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று பொதுவாக விளக்கும் வீடியோ யாருடைய ரகசியத்தையும் தொடுவதில்லை.