கண்ணை உயர்த்தினால் ‘ஆமாம்’

கேள்வி: மூளைத்தண்டில் ரத்தம் அடைத்ததால் என் அண்ணனுக்குக் கை, கால், பேச்சு எல்லாம் போய்விட்டன. கண் மட்டும் மேலும் கீழும் அசைகிறது. மூளையில் சிப் வைத்தால் பேசலாம் என்கிறார்களே, அவருக்கு வைக்கலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: இன்று அது ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கிறது. 2024-ல் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் குழு வெளியிட்ட ஆய்வில், ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்ல நலிந்துபோகும் நோய்) உள்ள ஒருவரின் மூளையில் பதித்த 256 மின்முனைகள், அவர் பேச முயன்ற சொற்களில் நூற்றுக்கு 97-ஐச் சரியாகத் திரைக்குக் கொண்டுவந்தன. அது மனதைப் படிப்பதில்லை. உதட்டுக்கும் நாக்குக்கும் மூளை இடும் கட்டளையைப் பிடிக்கிறது. அந்தக் கருவியைப் பழக்கியது ஆங்கிலத்தின் 39 ஒலிகளில். தமிழுக்குத் தனியாகப் பழக்க வேண்டும்.

உங்கள் அண்ணனோடு இன்றைக்கே பேசலாம். சார்ட் அட்டையில் ஐந்து வரி எழுதுங்கள். முதல் வரியில் அவசரச் சொற்கள்: வலி, சளி, குளிர், புரட்டு. அடுத்து உயிர், வல்லினம், மெல்லினம், இடையினம். கண்ணை மேலே உயர்த்தினால் ‘ஆமாம்’. இமைப்பதை அடையாளமாக வைக்காதீர்கள். அது தானாகவும் நடக்கும். ஒவ்வொரு வரியாகச் சொல்லி, மூன்று விநாடி நிறுத்துங்கள். ‘வல்லினம்’ என்றதும் கண் உயர்ந்தால் க, ச, ட, த என்று போங்கள். ‘த’ கிடைத்ததும் “புள்ளியா, குறிலா, நெடிலா?” என்று கேட்டு, அந்த வகை உயிரெழுத்துகளைச் சொல்லுங்கள். 247 எழுத்தையும் ஒப்பிக்க வேண்டியதில்லை.

‘தலை’ வந்ததும் தலைவலி மாத்திரையோடு ஓடிவிடாதீர்கள். தலையணையாகவும் இருக்கலாம். கேட்டு உறுதிசெய்யுங்கள். பதில் குழம்பினால் களைத்திருக்கலாம், ஓய்வு கொடுங்கள். ஒன்று முக்கியம்: இந்த நிலையில் பெரும்பாலும் காதும் அறிவும் தெளிவாகவே இருக்கும். அவர் எதிரே அவரைப் பற்றிப் பிறரிடம் பேசாமல், அவரிடமே பேசுங்கள்.

கண் பார்க்கும் எழுத்தைத் திரையில் தேர்ந்தெடுக்கும் கண்ணசைவுக் கேமரா வாங்குவதானால், எழுத்துகளை மேலிருந்து கீழாக அடுக்கும் மென்பொருளா என்று பாருங்கள். பக்கவாட்டில் அவர் கண் நகராது. ஜன்னல் வெயில் முகத்தில் பட்டால் அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் அந்தக் கேமரா தடுமாறும். கட்டிலைத் திருப்பிப் போடுங்கள்.

கேள்வி: மிளகு பறிக்க சில்வர் ஓக் மரம் ஏறிய மகன் விழுந்து கழுத்து நரம்பு அடிபட்டது. சிப் வைத்தால் நடப்பானா?
- வாசகர், கூடலூர்

பதில்: 2023-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் குழு, மூளைச் சைகையைத் தண்டுவட மின்முனைக்கு அனுப்பி ஒருவரை ஊன்றுகோலோடு நடக்கவைத்தது. அவருடைய தண்டுவடம் முழுதும் அறுபட்டிருக்கவில்லை. உங்கள் மகனுக்கு எப்படி என்று மருத்துவரிடம் கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்தையும் அணுகலாம். இப்போது மூட்டுகள் இறுகாமல் தினமும் மடக்கி நீட்டுங்கள். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவையுங்கள். குளிருக்கு வெந்நீர்ப் பையைக் காலில் வைக்கவே வேண்டாம். உணர்ச்சி இல்லாத தோல் வெந்துபோனாலும் அவனுக்குத் தெரியாது. கம்பளிக் காலுறை போதும்.